புதன்கிழமை புள்ளைக்கு ஊசி போட வர்ற அம்மாகிட்டயும் ரெண்டு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கர்ப்பமா இருக்கும்போதும் பிரசவத்துக்கு அப்புறமும் பொம்பளைங்களுக்கு வர்ற மனச்சோர்வு பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல காரியம், இதைப் பத்தியெல்லாம் எழுதுறதுக்கே ஆளு கம்மி. ஆனா கடைசியில ஒரு வரி வந்துச்சு பாருங்க, இது பெரும்பாலும் சிட்டியில தனிக்குடித்தனம் இருக்கிற பொண்ணுங்களுக்கு வர்றது, கிராமத்துல மாமியா, நாத்தனா, அக்கம்பக்கம்னு சுத்தி ஆள் இருக்கிறதால அவ்வளவா இல்லைன்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். நான் ராமநாதபுரம் மாவட்டத்துல கடலோரத்து ஊர்கள்ல கிராம சுகாதார செவிலியரா வேலை பாத்து ரிட்டையர் ஆனவ, ஊருக்குள்ள நர்ஸம்மான்னு கூப்பிடுவாங்களே அந்த வேலைதான். வீடு வீடா ஏறி இறங்கினவ, அதனால எனக்கு அந்த வரியைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல.

கட்டுரையாளர் கையில இருந்து போட்டு எழுதலைங்க, கணக்கு இருக்கத்தான் செய்யுது. உலக சுகாதார நிறுவனத்தோட பத்திரிகையில 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, இந்தியாவுல அதுவரைக்கும் நடந்த 38 ஆய்வைச் சேத்து, 20,000 அம்மாக்களுக்கு மேல எடுத்துப் பாத்ததுல 22 சதவீதம் பேருக்கு பிரசவத்துக்குப் பின்னாடி மனச்சோர்வு. அதுல நகரத்துல 24, கிராமத்துல 17. கனடாவுலயும் 2013ல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, பெரிய நகரங்கள்ல 9 சதவீதத்துக்கு மேல, கிராமத்துப் பக்கம் 6. சரி. ஆனா அந்த இந்திய ஆய்வை எழுதினவங்களே இந்த வித்தியாசத்தை உறுதியா எடுத்துக்க முடியாதுன்னுதான் சொல்லியிருக்காங்க, அதோட ஆஸ்பத்திரியில வச்சு எடுத்த ஆய்வுகள்ல அதிகமாவும் ஊருக்குள்ள எடுத்ததுல குறைவாவும் வந்திருக்கு. கனடாக்காரன் அரசாங்கத்து மூலமா ஆயிரக்கணக்கான அம்மாக்களுக்கு போன் போட்டு ஒவ்வொருத்தியா விசாரிச்சுட்டு அந்த 6ஐ சொல்றான். எங்க ஊர்ல ஒரு கர்ப்பிணிக்கிட்ட ரத்தம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எடை எவ்வளவு, ஸ்கேன் எடுத்தாச்சா, கர்ப்பத்தைப் பதிஞ்சு குடுக்கிற பிக்மி நம்பர் வாங்கியாச்சா, பேங்க் பாஸ்புக் இருக்கான்னு எல்லாம் கேப்போம், மனசு எப்படித்தா இருக்குன்னு கேக்குறதுக்கு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம்கூட கிடையாது, நான் வேலை பாத்த வரைக்கும் கிடையாது. கேக்காத ஊர்ல நோயே இல்லைன்னு சொல்றது எப்படிங்க சரியாகும்.

தமிழ்நாட்டுக் கிராமத்துலயே போய் கேட்ட ஆய்வும் ஒண்ணு இருக்கு, ரொம்ப வருசம் முன்னாடி, 2002ல வந்தது, வேலூர் பக்கத்துக் கிராமப் பெண்கள். கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல இருந்தே கூடவே போய்ப் பாத்திருக்காங்க. பிரசவத்துக்கு அப்புறம் புதுசா மனச்சோர்வு வந்தவங்க 11 சதவீதம், அதாவது ஒம்போது பேர்ல ஒருத்தி. காரணமா என்ன வந்துச்சுன்னு பாருங்க, வருமானம் இல்லாதது, ஆம்பளப் புள்ளை எதிர்பார்த்த வீட்டுல பொம்பளப் புள்ளை பிறந்தது, மாமியாகூட ஒத்துப் போகாதது, கர்ப்பமா இருக்கும்போது வீட்டுல நடந்த சாவு நட்டம் மாதிரி கஷ்டம், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதது. இன்னொண்ணும் இருக்கு, அதைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாளா யோசிச்சேன், பெத்த தாய் தகப்பன்கூட மனஸ்தாபம் இருக்கிறதும் காரணம்னு வருது. நம்ம எல்லாரும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிட்டா போதும், எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கிறோம். அந்தத் தாய்வீடு எப்படிப்பட்ட வீடுன்னு யோசிக்கிறது இல்ல. மாப்பிள்ளை வீட்டு சீர் பாக்கி, கடைசித் தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்குது, அண்ணன் பொண்டாட்டி முகத்தைத் தூக்கி வச்சிருக்கா, இதுக்கு நடுவுல பிரசவத்துக்கு வந்தவ ஒரு தட்டு சோத்துக்குக் கூசிக்கிட்டு உக்காந்திருப்பா. சுத்தி ஆள் இருக்குங்க, இல்லைன்னு சொல்லல. சுத்தி இருக்கிற ஆளே பாரமா இருந்தா அவ எங்க போவா?

எங்க கடலோரம் ஒரே மாதிரி ஊர் கிடையாது, அதையும் சொல்லிடுறேன். பாம்பன் பக்கம் பொம்பளைங்க கடல்ல முங்கி பாசி எடுக்கிறவங்க, தீவு ஓரத்துல பாறையில கை கால் கிழிஞ்சு வருவாங்க, கர்ப்பம்னு தெரிஞ்ச பின்னாடியும் சில மாசம் போய்க்கிட்டுதான் இருப்பாங்க, ஏன்னா அன்னிக்கு எடுத்தாத்தான் அன்னிக்குக் காசு. வடகடல் பக்கம் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபத்துல புருசன் போட்ல போனா திரும்பி வர்ற வரைக்கும் நெஞ்சு பதைக்கும், இலங்கை நேவி பிடிச்சிட்டான்னா எந்த ஜெயில், எத்தனை மாசம், போட்டு திரும்பி வருமா ஒண்ணும் தெரியாது, அந்தச் சமயத்துல மாசமா இருக்கிறவளை யாரும் தனியா நெனைக்கிறது இல்ல, மொத்தக் குடும்பமும் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கும், இவ வீட்டுல வயித்தைப் பிடிச்சிக்கிட்டு இருப்பா. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வேற கதை, கல்யாணம் முடிஞ்சு லீவு தீர்ந்து மாப்பிள்ளை துபாயோ மலேசியாவோ போயிருவாரு, புள்ளை பிறந்தா வீடியோ காலில் பாப்பாரு. வீடு பெருசு, பணத்துக்குக் குறைவில்ல, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. அந்த வீட்டுல ஒரு பிள்ளை என்கிட்ட, ஊசி போடப் போனப்ப, மாமி அந்தப் பக்கம் போன நேரம் பாத்து, "நர்ஸம்மா, ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கேன், இந்தப் புள்ளையப் பாத்தா எனக்குப் பாசமே வரமாட்டேங்குது, நான் மனுசிதானா"ன்னு கேட்டுச்சு. போன்ல புருசன்கிட்ட சொல்லிப் பாத்துச்சாம், வேலையில டென்சன் குடுக்காதன்னாராம்.

உள்ளாடி இருக்கிற ஊர்ல தண்ணிப் பாடு தனி. ஊத்துத் தண்ணி உப்பு, லாரித் தண்ணி வர்ற நேரம் தெரியாது, புள்ளைய மடியில போட்டுக்கிட்டு குடத்தோட வரிசையில நிக்கணும். அதுக்கு மேல இப்ப குழுக் கடன். வாரா வாரம் டியூ கட்ட ஆள் வீட்டு வாசல்லயே வந்து உக்காந்திருவான், பச்ச உடம்புக்காரி இருக்கா அப்புறமா வாங்கன்னு சொன்னாலும் கேக்குறது கிடையாது. கர்ப்பத்துலயே கடனுக்குப் பயந்து தூக்கம் போனவங்களை நெறைய பாத்திருக்கேன். புருசன் குடிச்சுட்டு அடிக்கிறதைப் பத்தி நான் எழுதவே வேணாம், உங்களுக்கே தெரியும்.

இப்படி இருக்கிறவங்க எங்ககிட்ட வந்து மனசு சரியில்லைன்னு சொல்ல மாட்டாங்க. தலை கிறுகிறுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை கால் ஓய்ஞ்சு போகுது, சோறு இறங்க மாட்டேங்குது, பால் ஊற மாட்டேங்குதுன்னுதான் வரும். நாங்க சத்து மாத்திரை குடுத்து அனுப்பிருவோம். அதுவும் தப்பில்லைங்க, ரத்தசோகை இருந்தாலும் தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே அசதி, இதே எரிச்சல் வரும், அதனால ரத்தத்தையும் தைராய்டையும் முதல்ல பாக்கணும். பாத்துட்டு அதோட விட்டுடுறோம்ங்கிறதுதான் என் குறை.

நம்ம வழக்கத்துல நல்லது இல்லாம இல்ல, அதையும் சொல்லணும். புள்ளை பெத்தவளை முப்பது நாப்பது நாள் வேலை செய்ய விடாம, எண்ணெய் தேச்சு வெந்நி ஊத்தி, பூண்டுக் கொழம்பும் கருவாடும் ஆக்கிக் குடுத்து, ராத்திரி புள்ளை அழுதா பாட்டி தூக்கி வச்சுக்கிறது இருக்கே, எந்த டாக்டரும் எழுதிக் குடுக்காத மருந்து அது, தூக்கம் கிடைக்கிறதே பாதி வைத்தியம். ஆனா அதே வழக்கத்துல தண்ணி அளந்து குடுக்கிறது, இருட்டு ரூம்ல ஒதுக்கி வைக்கிறது, யாரையும் பாக்க விடாதது, ஏன் அழுவுற, காத்து கருப்பு அண்டிரும்னு அதட்டுறது எல்லாம் சேந்தே வருது. நாப்பது கழிஞ்சு தலைக்குத் தண்ணி ஊத்திட்டா எல்லா ஒத்தாசையும் ஒரே நாள்ல நின்னு போகும். மனச்சோர்வு நெறைய பேருக்கு அதுக்கு அப்புறம்தான் வெளிய தெரிய ஆரம்பிக்குது, அப்ப பாக்க ஆளே இருக்காது, நர்ஸு வீட்டுக்கு வர்றதும் அதோட குறைஞ்சிரும்.

பெரியவங்களுக்காக ஒரு விஷயம் எழுதுறேன். பிரசவம் ஆன மூணாம் நாள் நாலாம் நாள் காரணமில்லாம அழுக வர்றது பாதிப் பேருக்கும் மேல வரும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிரும், அதுக்கு ஆஸ்பத்திரி வேணாம், ஓய்வும் ஆறுதலும் போதும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுக, தூக்கமின்மை, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கிறது, நான் ஒரு நல்ல அம்மா இல்லைங்கிற நெனப்பு இதெல்லாம் விடாம இருந்தா அது மனச்சோர்வு, வைத்தியம் பாக்கணும். மூணாவது ஒண்ணு இருக்கு, ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், பெத்த ரெண்டு வாரத்துக்குள்ள திடீர்னு. தூங்கவே மாட்டா, சம்பந்தம் இல்லாமப் பேசுவா, காதுல யாரோ பேசுறாங்கம்பா, புள்ளைய வேற யாரோ மாத்திட்டாங்கம்பா. பழைய ஆளுங்க சன்னின்னு சொல்வாங்க. இது அவசரம், அன்னிக்கே 108 ஐக் கூப்பிடணும், அவளையும் புள்ளையையும் தனியா விடக் கூடாது.

எங்க பக்கம் அன்னிக்கே எங்க கூட்டிட்டுப் போவாங்கன்னு உங்களுக்கே தெரியும். முதல்ல கோடாங்கி, இல்லாட்டி செபம் பண்றவங்க, இல்லாட்டி ஓதிப் பாக்க, எந்தச் சாதி மதமானாலும் கடைசியில ஏர்வாடி தர்கா. நான் அதைக் கேலி பண்ணி எழுதல, போறவங்களுக்கு அங்க ஒரு நிம்மதி கிடைக்கத்தான் செய்யுது. ஆனா 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதே ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகத்துல சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில செத்துப் போனதைப் பாத்த மாவட்டம் இது. அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, இப்ப தர்காவுலயே அரசு மனநல டாக்டர் பாத்து மாத்திரை குடுக்கிற ஏற்பாடு இருக்கு, துஆங்கிற வேண்டுதலும் நடக்கும் மருந்தும் நடக்கும். அதுதான் சரியான வழின்னு எனக்குப் படுது. கோயில், சர்ச், தர்கா எங்க வேணா போகட்டும், போற வழியில டாக்டரையும் பாத்துட்டுப் போகட்டும்.

சிட்டியில என்னன்னா, என் மகளே சென்னையில மேடவாக்கம் பக்கம் இருக்கா, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, 26 வாரம் சம்பளத்தோட லீவு. இங்க பாசி எடுக்கிற பிள்ளைக்கு அந்த லீவை யாரு குடுப்பா, கர்ப்பிணிகளுக்கு அரசு உதவி குடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 வருது, அதுல 14,000 ரொக்கம் மிச்சத்துக்கு சத்துப் பொருள் பெட்டகம், அதுவும் தவணை தவணையா. பணத்துல மகளுக்குக் குறை இல்ல. ஆனா மருமகன் காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி ஒம்போதுக்கு வருவாரு, நான் மூணு மாசம் இருந்துட்டு வந்த பின்னாடி எதிர் வீட்டுல யாருன்னு அவளுக்குத் தெரியாது, அவங்களுக்கு இவளைத் தெரியாது. அழுதுக்கிட்டே போன் பண்ணுவா. ஒரே ஒரு வித்தியாசம், அவ செல்போன்ல தேடிப் பாத்து, எனக்கு இதுதான் இருக்குன்னு அவளே கண்டுபிடிச்சு அவளே அப்பாயின்ட்மென்ட் போட்டு டாக்டரைப் பாத்தா, பக்கத்துத் தெருவுல டாக்டர் இருந்தாரு, போனதை ஊர்ல யாரும் பாக்கல. இங்க ராமேஸ்வரத்துல இருந்து மனநல டாக்டரைப் பாக்க ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அம்பது கிலோமீட்டருக்கு மேல வரணும், கைப்புள்ளையோட, கூட ஒரு ஆளோட, அந்த ஆள்கிட்ட என்னன்னு சொல்லி. பஸ்ல நாலு பேர் தெரிஞ்சவங்க எங்க போறீகன்னு கேப்பாங்க. நகரத்துல 24, கிராமத்துல 17 ங்கிறதுக்குப் பின்னாடி இதுவும் இருக்கலாம்ல?

சரி என்ன பண்ணலாம். பெரிய ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி நான் கேக்கல. தமிழ்நாட்டுல எந்த மூலையில இருந்தாலும் ஒரு அம்மா தவறாம வர்ற நாள் ஒண்ணு இருக்கு, புதன்கிழமை தடுப்பூசி. புள்ளைக்கு ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூன்றரை மாசம்னு மூணு தடவை வரிசையா வருவா, மனச்சோர்வு வெளிய தெரியிற காலமும் அதேதான். பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் இருக்கு, எடின்பரோ தாள்னு பேரு, 1987ல வந்தது, போன ஏழு நாள்ல சிரிக்க முடிஞ்சுதா, வீணா உங்களை நீங்களே குத்தம் சொல்லிக்கிட்டீங்களா, அழுகையா வந்துச்சான்னு எல்லாம் சாதாரணமா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் மூணு மார்க் வரைக்கும், மொத்தம் 30. கடைசிக் கேள்வி தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுச்சான்னு. தமிழ்லயும் இதை சரிபாத்து வேலூர் டாக்டர்கள் 2005லயே போட்டாச்சு. இருபது வருசம் ஆச்சு, எங்க சப் சென்டர் பக்கம் எட்டிப் பாக்கல. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டா இல்லாத நெனப்பைக் கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமேன்னு எங்க நர்ஸுங்களே பயப்படுவாங்க, அப்படி ஆகாது, கேக்குறதால யாருக்கும் புதுசா அந்த எண்ணம் வர்றது இல்லைன்னு ஆய்வுல பாத்திருக்காங்க, கேட்டா உள்ளுக்குள்ள இருந்தது வெளிய வருது அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு, எல்லார் முன்னாடியும் வச்சுக் கேட்டா பத்துக்கும் நல்லா இருக்கேன்னுதான் பதில் வரும், கூட மாமியா நிப்பாங்க. அதுக்கும் வழி இருக்கு. ஊசி போட்ட பின்னாடி அரை மணி நேரம் புள்ளைய உக்கார வச்சுப் பாத்துட்டுதான் அனுப்புவோம், அந்த அரை மணிக்குப் புள்ளையைப் பாட்டி கையில குடுத்து வேப்பமரத்தடியில உக்கார வச்சுட்டு, பாப்பாவுக்குப் பால் குடுக்கிறது பத்திப் பேசணும்னு அம்மாவை மட்டும் உள்ள கூப்பிடலாம். நான் அப்படித்தான் பண்ணுவேன், ஒருத்தரும் சந்தேகப்பட்டது இல்ல. கர்ப்பமா இருக்கும்போது செக்கப்புக்கு வர்ற அன்னிக்கும் இதே மாதிரி ஒரு தடவை கேட்டா இன்னும் நல்லது, ஏன்னா நெறைய பேருக்குப் பிரசவத்துக்கு முன்னாடியே தொடங்கிருது.

நர்ஸு கேட்டு என்ன ஆகப் போகுதுன்னு பெரிய ஆபீசர்கள் சிலர் சொல்வாங்க, சொல்லி நானே கேட்டிருக்கேன். பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்கள்ல நம்ம மாதிரி வீடு வீடாப் போற சுகாதாரப் பணியாளர் பொம்பளைங்களுக்கு கொஞ்ச நாள் டிரெய்னிங் குடுத்து, கர்ப்பத்துலயே மனச்சோர்வு இருந்த அம்மாக்கள்கிட்ட பேச வச்சாங்க. புள்ளைக்கு ஆறு மாசம் ஆகும்போது, இப்படிப் பேசினவங்கள்ல 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு மிச்சம் இருந்துச்சு, வழக்கமா போய்ட்டு வந்த ஊர்கள்ல 53 சதவீதம். 2008ல வந்த ஆய்வு, உலக சுகாதார நிறுவனமே அதைப் புத்தகமாப் போட்டு மத்த நாடுகளுக்குக் குடுத்திருக்கு. அங்க பண்ண முடிஞ்சது இங்க முடியாதா என்ன. முத்திப் போனவங்களுக்கு மாத்திரை வேணும், பால் குடுக்கிறவ சாப்பிடலாமான்னு பயம் வேற, செர்ட்ராலின் மாதிரி மாத்திரை பால்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் போகுது, டாக்டர் பாத்துத்தான் எழுதுவாரு, பாலை நிப்பாட்ட வேண்டியது இல்ல. தூரம் போக முடியாதவங்க 14416 க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு அரசு நம்பர், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. 104 ங்கிற அரசு சுகாதார உதவி நம்பர்லயும் கேக்கலாம். இந்த ரெண்டு நம்பரையும் ஊசி அட்டையில பெருசா அச்சடிச்சா என்னங்க செலவு.

வேலைப்பளுன்னு இப்ப வேலையில இருக்கிற பிள்ளைங்க என்னைத் திட்டுவாங்க, தெரியும். 5,000 பேருக்கு ஒரு நர்ஸுன்னு கணக்கு, அதுல பாதி நாள் கம்ப்யூட்டர்ல என்ட்ரி போடுறதுலயே போகுது, ஒரே தகவலை மூணு இடத்துல ஏத்தணும். அந்த மூணுல ஒண்ணைக் குறைச்சுட்டு இந்தப் பத்துக் கேள்வியை வைங்கன்னுதான் நான் சொல்றேன், மேல சேக்கச் சொல்லல.

ஆம்பளைங்களை விட்டுட்டோம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், புருசன்மார் வீட்டுலயும் வலை பின்ற இடத்துலயும்தான் இருப்பாங்க. சமுதாய வளைகாப்பு நடத்தும்போது பொம்பளைங்களை மட்டும் உக்கார வச்சு வளையல் போட்டு சாப்பாடு போட்டு அனுப்புறோம். அந்த ரெண்டு மாசத்துலயாவது கர்ப்பிணிகளோட புருசன்களையும் கூப்பிட்டு, பொண்டாட்டி அழுதா அது நடிப்பு இல்ல, ராத்திரி ஒரு தடவையாவது நீ எந்திரிச்சு புள்ளையத் தூக்குன்னு நேரா சொல்லணும். மாவட்ட நிர்வாகம் வர்ற தடைக்காலத்துலயே மண்டபம் ஒன்றியத்துல ஆரம்பிச்சுப் பாக்கலாம். பேச ஆள் வேணும்னா நானே வந்து பேசுறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ராமநாதபுரம் மாவட்டம்.
(பேரு போட வேண்டாம், நான் பாத்த வீடுகள் எதுன்னு ஊர்ல கண்டுபிடிச்சிருவாங்க)